கண்ணீர்த் துளையில் பிளக் வைக்கலாம் என்கிறார் டாக்டர், பலன் இருக்குமா, பயப்பட வேண்டுமா?

நூல்கண்டு கேட்டது:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன், வயது 47. டியூப்லைட் வெளிச்சத்தில் துணியை விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்ப்பதுதான் நாள் முழுக்க. மேலே ஃபேன், காற்றில் பஞ்சு. ரொம்ப நாளாகவே கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல், மதியத்துக்கு மேல் எரிச்சல், சாயங்காலம் ஆனால் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் மங்கலாகத் தெரிகிறது. இமைத்தால் கொஞ்சம் தெளியும், உடனே மறுபடி மங்கும். கண்ணாடி பவர் பார்த்தார்கள், மாறவில்லை. கண் வறட்சி என்றார்கள்.

இமைக்குள் காகிதப் பட்டை வைத்து அஞ்சு நிமிஷம் பார்த்ததில் வலது 4 மி.மீ., இடது 3 மி.மீ. என்று சீட்டில் எழுதியிருக்கிறது. சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரம் சுகம், அப்புறம் பழையபடி. வேலைக்கு நடுவில் அடிக்கடி எழுந்து போய் கை கழுவி மருந்து விட்டு வந்தால் பீஸ் கணக்கு குறைகிறது, சூப்பர்வைசர் முகம் மாறுகிறது. இந்தத் தடவை போனபோது டாக்டர், கண்ணீர் மூக்குக்கு வடிகிற துளையில் சின்னதாக ஒரு பிளக் வைத்து அடைத்துவிடலாம், ஆபரேஷன் கிடையாது, உட்கார்ந்தபடியே வைத்து அனுப்பிவிடுவோம், யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். அன்றைக்கு நல்ல கூட்டம், மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, "குழாயை அடைச்சா தண்ணி எங்க போகும், உள்ளயே நின்னு சீழ் புடிச்சுக்கும்" என்று பயமுறுத்துகிறார். என் கேள்வி இவ்வளவுதான். வைத்துக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நிஜமாகவே சொட்டு மருந்து குறைகிறதா? உறுத்துமா? பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிட முடியுமா? கண்ணை வைத்துத்தான் எனக்குச் சோறு, அதனால் தெரிந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.


வைகைக்கரை எழுதியது:

நான் வைத்திருக்கிறேன். மதுரை, பள்ளி ஆசிரியை, உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவள். எனக்கு ஷோக்ரென் நோய், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் தாக்குகிற கோளாறு. இரண்டு கீழிமையிலும் சிலிக்கான் பிளக், சில வருஷமாக இருக்கிறது.

வைக்கிறபோது வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை. மரத்துப்போகிற சொட்டு விட்டார்கள், தாடையை வைத்து உட்காரும் அந்த மெஷினில்தான் உட்கார வைத்தார்கள், துளையின் அளவைப் பார்க்க ஒரு சின்னக் கம்பி, பிறகு லேசாக அதை விரித்து பேனா மாதிரி ஒன்றால் பிளக்கை அழுத்திச் செருகினார்கள். மூக்கோரம் ஒரு அழுத்தம் தெரிந்தது, அவ்வளவுதான். அன்றைக்கே ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். முதல் சில நாள் அந்த ஓரத்தில் ஏதோ இருக்கிற உணர்வு இருந்தது, கையை அங்கே கொண்டு போகாமல் இருப்பதுதான் பெரிய பாடு. பிறகு மறந்தே போனேன்.

பலன் பற்றி: சொட்டு மருந்து நிற்கவில்லை, நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் எனக்கு இடைவெளி நன்றாக நீண்டது. ஒரு பீரியட் முழுக்கப் பாடம் நடத்த முடிகிறது, விடைத்தாள் திருத்த முடிகிறது, ராத்திரி விழித்தால் இமை கருவிழியில் ஒட்டிக்கொண்டு இழுக்கிற வலி போய்விட்டது. எனக்கு அது பெரிய விஷயம்.

தொல்லை ஒன்றே ஒன்று. இடது பக்கத்து பிளக் ஒரு நாள் முகம் துடைக்கும்போது விழுந்துவிட்டது, விழுந்ததே தெரியவில்லை, எரிச்சல் திரும்பி வந்த பிறகுதான் போய்க் காட்டினேன். அடுத்த அளவு பெரியதாக வைத்தார்கள். அது நிற்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வாய் வறண்டு போகிறதா? சப்பாத்தி, பிஸ்கட் மாதிரி உலர்ந்ததைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிகிறதா? விரல் மூட்டுகளில் வலி உண்டா?


கண்ணாடிக்கடை எழுதியது:

அக்கா, நான் டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பரிசோதனை செய்கிறவன். ஓ.பி.யில் அந்தக் காகிதப் பட்டையை வைத்து எடுக்கிறது என் வேலை. உங்கள் கண்ணைப் பார்க்காமல் வையுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல மாட்டேன், எதைப் பார்த்து முடிவெடுப்பார்கள் என்று சொல்கிறேன்.

மேலிமைக்குப் பின்னால் வெளிப்புற ஓரத்தில் இருக்கிற சுரப்பியிலிருந்து கண்ணீர் வருகிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அது கண் முழுக்கப் பரவி மூக்கோரத்தில் வந்து சேரும். அங்கே மேலிமையில் ஒன்று, கீழிமையில் ஒன்று, ஊசி முனை அளவுக்குத் துளை. கண்ணாடி முன் நின்று கீழிமையின் மூக்கோர நுனியை லேசாக வெளியே திருப்பிப் பாருங்கள், தெரியும். அதிலிருந்து மெல்லிய குழாய், பிறகு கண்ணீர்ப் பை, பிறகு மூக்கு. கண்ணில் மருந்து விட்டால் தொண்டையில் கசப்பது இந்த வழியில்தான். தொட்டிக்கு வருகிற தண்ணீர் குறைந்துபோனால் வடிகாலை மூடி இருப்பதை நிறுத்திவைக்கிறோம் அல்லவா, பிளக்கும் அந்த வேலையைத்தான் செய்கிறது. கண்ணீரை அது உண்டாக்காது. உங்கள் பக்கத்து வீட்டு அக்கா நினைக்கிற மாதிரி தண்ணீர் உள்ளே தேங்குவதும் இல்லை, துளையின் வாயிலேயே தடுக்கப்படுவதால் அது கண்ணின் மேல்தான் நிற்கும். பெரும்பாலும் கீழ்த் துளையை மட்டும் முதலில் அடைப்பார்கள், மேல் துளை திறந்தே இருக்கும்.

இப்போது உங்கள் எண்கள். மரத்துப்போகிற சொட்டு விடாமல் பட்டை வைத்து அஞ்சு நிமிஷத்தில் 5 மி.மீ.க்குள் நனைந்தால் சுரப்பே குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த வகையில் பிளக்குக்கு நீங்கள் பொருத்தமானவர்தான். கண் வறட்சியில் இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் அதிகம் பேருக்கு இருப்பது: தண்ணீர் போதுமான அளவு இருக்கும், ஆனால் இமை விளிம்பில் இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள் அடைத்துப்போய் எண்ணெய் வராது. எண்ணெய்ப் படலம் இல்லாவிட்டால் கண்ணீர் சீக்கிரமே ஆவியாகிவிடும். அவர்களுக்கு பிளக் மட்டும் வைத்தால் பலன் குறைவு, சில சமயம் தொல்லை. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். அதனால் உங்கள் இமை விளிம்பை அழுத்தி எண்ணெய் எப்படி வருகிறது என்று பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது அழற்சி. ரொம்ப நாள் வறண்டு கிடக்கிற கண்ணில் இருக்கிற கொஞ்சக் கண்ணீரும் சுத்தமான கண்ணீர் இல்லை, அழற்சியைத் தூண்டுகிற பொருட்கள் அதில் கலந்திருக்கும். வடிகாலை மூடினால் அதுவும் சேர்ந்து கண்ணிலேயே நிற்கிறது. சிவந்து எரிந்துகொண்டிருக்கிற கண்ணில் நேராக பிளக் வைத்துவிட்டு, வைத்த பிறகு எரிச்சல் கூடிவிட்டது என்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பல டாக்டர்கள் முதலில் கொஞ்ச நாள் மென்மையான ஸ்டீராய்டு சொட்டு, அதோடு சைக்ளோஸ்போரின் சொட்டு என்று கொடுத்து அழற்சியைத் தணித்துவிட்டு அப்புறம் அடைக்கிறார்கள். சைக்ளோஸ்போரின் ஆரம்பத்தில் சுருக்கென்று எரியும், பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், பாதியில் நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டு சொட்டை மட்டும் டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் ஒரு நாளும் விடாதீர்கள், கண் அழுத்தம் ஏறும்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். கண் அரிக்கிறதா, எரிகிறதா? தும்மலுக்கோ அலர்ஜிக்கோ மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? பஞ்சுக்கு நடுவில் வேலை என்பதால் கேட்கிறேன்.


பாலைக்காற்று எழுதியது:

அக்கா, என் கதை உங்களுக்கு நேர் எதிர், அதனால்தான் சொல்கிறேன். ஷார்ஜாவில் அக்கவுண்ட்ஸ் வேலை, காலையிலிருந்து ஏ.சி., திரை, வெளியே வந்தால் மணல் காற்று. கண் எரியும், சிவக்கும், அதே சமயம் தண்ணீராகக் கொட்டும். இங்கே ஒரு கிளினிக்கில் தானாகக் கரைகிற பிளக் வைத்துப் பார்த்தார்கள். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, திரையைப் பார்த்தால் எல்லாம் கலங்கல். நல்லவேளையாகக் கரைகிற வகை, கொஞ்ச நாளில் போய்விட்டது.

பிறகு ஊருக்கு வந்தபோது வேறு டாக்டரிடம் காட்டினேன். பட்டை நன்றாகவே நனைந்தது, கண்ணீர்ப் படலம்தான் சில நொடியில் உடைகிறது, இமைச் சுரப்பி எல்லாம் பற்பசை மாதிரி கெட்டியாக அடைத்திருக்கிறது என்றார். தினமும் வெந்நீரில் நனைத்த துணியால் இமைக்கு ஒத்தடம், சூடு ஆறவிடாமல் கொஞ்ச நேரம், பிறகு விரலால் மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் நீவிவிடச் சொன்னார். அதில்தான் எனக்குக் குணம். பிளக் கெட்டது என்று சொல்லவில்லை, எனக்குத் தேவைப்படாத ஒன்று, அவ்வளவுதான். உங்களுக்கு 3, 4 என்று வந்திருப்பதைப் பார்த்தால் நீங்கள் என் கட்சி இல்லை என்று தோன்றுகிறது. இருந்தாலும் நிரந்தரமானதை வைக்கும் முன் கரைகிற வகையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.


நூல்கண்டு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டாக்டரிடம் கேட்க முடியாமல் வந்ததை எல்லாம் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

கண்ணாடிக்கடை தம்பிக்கு: எரிச்சல்தான் அதிகம், ஆனால் பஞ்சு அதிகமாகப் பறக்கிற நாளில் அரிப்பும் உண்டு, கசக்கிவிடுவேன். தும்மலுக்கு செட்ரிசின் மாத்திரை ராத்திரியில் போடுகிறேன், மெடிக்கலில் கேட்டு வாங்குவதுதான், ரொம்ப காலமாக. இதைக் கண் டாக்டரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வைகைக்கரை டீச்சருக்கு: நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். பொரி, பிஸ்கட் எல்லாம் தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறது. ராத்திரி தலைமாட்டில் சொம்பு வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். காலையில் விரல் மடக்க வராது, வேலைக்குப் போய் கொஞ்ச நேரம் ஆனால் சரியாகிவிடும். துணி பிடித்துப் பிடித்து வந்த வலி என்றுதான் இருக்கிறேன்.


உப்பளம் எழுதியது:

தாமதமாகப் பார்த்தேன், ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. தூத்துக்குடி. எனக்கு வைத்தது துளையின் வாயில் நிற்கிற வகை இல்லை, குழாய்க்குள்ளேயே போய் உட்கார்கிற வகை. வெளியே எதுவும் தெரியாது, உறுத்தாது, விழாது என்று சொல்லி வைத்தார்கள். சொன்னபடியே ரொம்ப காலம் ஒரு தொல்லையும் இல்லை. அப்படி ஒன்று உள்ளே இருக்கிறது என்பதே எனக்கு நினைவில் இல்லை.

பிறகு வலது கண் மட்டும் சிவக்க ஆரம்பித்தது. மூக்கோரம் பீளை கட்டும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். போகிற இடத்தில் எல்லாம் கண் வலி, அதாவது மெட்ராஸ் ஐ என்று ஆன்டிபயாடிக் சொட்டு கொடுத்தார்கள், விடுகிற வரை அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். அந்த இடத்தில் இமை கொஞ்சம் தடித்து, தொட்டால் வலித்தது. கடைசியில் ஒரு டாக்டர் அந்த ஓரத்தை விரலால் அழுத்தினார், துளை வழியாகச் சீழ் வந்தது. முன்பு ஏதாவது பிளக் வைத்தீர்களா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். குழாயைச் சின்னதாகக் கீறித் திறந்துதான் அதை எடுத்தார்கள். இப்போது கண் நன்றாக இருக்கிறது.

சகோதரி, உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. எந்த வகை வைக்கிறார்கள் என்று பெயரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தச் சீட்டு கையில் இருந்திருந்தால் இத்தனை மாதம் சுற்றியிருக்க மாட்டேன். எனக்கு வைத்த இடத்தில் எழுதியும் கொடுக்கவில்லை, பிற்காலத்தில் இப்படி வரலாம் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதில்தான் எனக்கு இன்னும் கோபம்.


கண்ணாடிக்கடை எழுதியது:

உப்பளம் அண்ணா சொன்னது அப்படியே உண்மை, இந்தத் திரியிலேயே முக்கியமான பதிவு அதுதான். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன சீழ் வருகிற இடமும் இதுதான். அதனால் வகைகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

வடிகாலை அடைக்கிற யோசனை பழையது. 1935-இல் பீத்தம் என்கிற அமெரிக்க டாக்டர் துளையைச் சூடு வைத்து மூடுவது பற்றி எழுதினார். 1961-இல் ஃபோல்ட்ஸ் கரையக்கூடிய ஜெலட்டின் குச்சியை வைத்துப் பார்த்தார். இன்றைக்கு நாம் பார்க்கிற சிலிக்கான் பிளக் 1975-இல் ஃப்ரீமேன் கொண்டுவந்தது, மேலே தொப்பி மாதிரி ஒரு தலை, நடுவில் மெல்லிய கழுத்து, கீழே கொஞ்சம் அகலம். அந்தத் தலை இமை விளிம்பில் தெரியும், மெஷினில் பார்த்தால் இருக்கிறதா போய்விட்டதா என்று உடனே சொல்லலாம், வேண்டாம் என்றால் சின்ன இடுக்கியால் பிடித்து அங்கேயே எடுத்துவிடலாம். இதன் கெட்ட குணம், விழும். தலை சரியாகப் படியாவிட்டால் கண்ணில் உரசும்.

கரைகிற வகையில் கொலாஜன் பிளக் சில நாளில் கரைந்துவிடும், வேறு செயற்கைப் பொருளில் செய்தது மாதக்கணக்கில் நிற்கும். பாலைக்காற்று அண்ணா சொன்ன மாதிரி முன்னோட்டம் பார்க்க இது நல்லது. ஆனால் கொலாஜன் வைத்து நாலு நாளில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்றால் உடனே பிளக்கே எனக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது துளையை முழுவதுமாக அடைக்காமலும் இருக்கலாம், நாளும் போதாது. அதன் முக்கியமான உபயோகம், தண்ணீர் வழிகிறதா என்று பார்ப்பது.

மூன்றாவது, குழாய்க்குள் போகிற வகை. வைக்கும்போது மெல்லிய குச்சியாக இருந்து உடல் சூட்டில் தடித்துக்கொள்வது ஒன்று, ஈரம் பட்டு ஊதிக்கொள்வது ஒன்று என்று இதிலும் ரகம் உண்டு. உறுத்தாது, விழுவது குறைவு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிற எந்தப் பொருளின் மேலும் கிருமிகள் படலமாகப் படியும், அது வருஷங்கள் கழித்தும் குழாயில் தொற்றாக வெளிப்படலாம். உப்பு நீர் பாய்ச்சினால் மூக்குக்குள் தள்ளிவிடலாம் என்பார்கள், எல்லா நேரமும் அது நடக்காது, அண்ணாவுக்குக் கீறித்தான் எடுத்தார்கள்.

எண்கள் வேண்டுமானால்: அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2015-இல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அறிகுறிகள் பாதிக்கு மேல் குறைந்தன, கண் மேற்பரப்பு தேறியது, சொட்டு மருந்து விடுவது குறைந்தது என்று சொன்னது. துளையில் வைக்கும் பிளக் விழுந்துபோனது சராசரியாக 40 சதவீதம் பேருக்கு. எல்லா வகையும் சேர்த்து, தண்ணீர் வழிந்தது சுமார் 9 சதவீதம் பேருக்கு, உறுத்தலால் எடுக்க வேண்டி வந்தது சுமார் 10 சதவீதம் பேருக்கு. குழாய்க்குள் போகிற வகையில் குழாய்த் தொற்று வந்தது சுமார் 8 சதவீதம் பேருக்கு. பெரிய சிக்கல்கள் அபூர்வம்.

அதே சமயம், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசுகிற காக்ரேன் அமைப்பு 2017-இல் 18 சோதனைகளை, மொத்தம் 711 பேரை வைத்து, கடுமையான அளவுகோலில் அலசியது. அவர்கள் முடிவு, பலன் உறுதியாக நிரூபணமாகவில்லை என்பது. ஒன்றுக்கொன்று முரண்பாடு போலத் தெரியும். ஒவ்வொரு சோதனையிலும் பிளக் வேறு, ஒப்பிட்ட மருந்து வேறு, நோயாளிகளின் வறட்சி வேறு, பலனை அளந்த விதமும் வேறு, அதனால் எல்லாவற்றையும் கூட்டி ஒரே விடை சொல்ல முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். யாருக்கும் பலன் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. என் அனுபவத்தில், சுரப்பு குறைந்தவர்களுக்கு, அழற்சியைத் தணித்த பிறகு வைத்தால், பெரும்பாலும் நன்மைதான். கண் எரிகிறது என்று வருகிற எல்லோருக்கும் வைத்தால் ஏமாற்றம்தான். உலக அளவில் நிபுணர்கள் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட கண் வறட்சி அறிக்கையிலும் பிளக் முதல் படியில் இல்லை. சூழ்நிலையை மாற்றுவது, மாத்திரைகளைப் பார்ப்பது, சொட்டு, இமைச் சுத்தம் எல்லாம் முதல் படி, அது போதாதபோதுதான் இரண்டாம் படியில் பிளக் வருகிறது.

இதைச் சொல்லக் காரணம் உங்கள் செட்ரிசின், அக்கா. தும்மலை நிறுத்துகிற அந்த வகை மாத்திரைகள் கண்ணீரையும் எச்சிலையும் குறைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆனால் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மூக்குக்கு ஸ்ப்ரே மாதிரி வேறு வழி இருக்கிறதா என்று கேட்கலாம். அலர்ஜியும் இருந்தால் அதையும் முதலில் அடக்க வேண்டும், பிளக் வைத்த கண்ணைக் கசக்கினால் பிளக் விழும், இல்லையென்றால் உள்ளே இறங்கும்.

இன்னொன்று. இப்போது விடுகிற சொட்டு மருந்துப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பென்சல்கோனியம் குளோரைடு என்று இருந்தால் அது புட்டியில் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கிற ரசாயனம், அடிக்கடி விட்டால் அதுவே கருவிழியைப் புண்ணாக்கும். வடிகாலை அடைத்த பிறகு அது இன்னும் அதிக நேரம் கண்ணில் நிற்கும். அது இல்லாத மருந்து கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூடுதல், நீங்கள் விடுகிற அளவுக்கு அதுதான் சரி.


வைகைக்கரை எழுதியது:

நூல்கண்டு, உங்கள் பதிலைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. வாய் வறட்சி மாத்திரையாலும் இருக்கலாம், கை விறைப்பு வேலையாலும் இருக்கலாம். ஆனால் கண், வாய், மூட்டு மூன்றும் சேர்ந்து இந்த வயதில் ஒரு பெண்ணுக்கு வந்தால் வாத நோய் நிபுணர் ஒருவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஷோக்ரென் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்தான், பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதில். ரத்தத்தில் ஆன்டி ரோ என்கிற பரிசோதனை, முடக்குவாதத்துக்கான பரிசோதனை எல்லாம் எழுதிக் கொடுப்பார்கள், தேவைப்பட்டால் உதட்டின் உள்பக்கம் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பொது மருத்துவரிடம் காட்டினாலும் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்.

எனக்கும் கண்ணில்தான் ஆரம்பித்தது. சொட்டு மாற்றிச் சொட்டு என்று ரொம்ப காலம் போய், பல் எல்லாம் சொத்தையான பிறகுதான் பெயர் தெரிந்தது. எச்சில் குறைந்தால் பல் கெடும், அதையும் காட்டுங்கள். பிளக் அது பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் கண்ணீர் ஏன் குறைந்தது என்று பார்க்காமல் வடிகாலை மட்டும் அடைத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.


நூல்கண்டு எழுதியது:

படித்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன், அடுத்த வாரம் லீவு போட்டுக் கூட வருகிறேன் என்றார். முதலில் பொது மருத்துவரிடம் மூட்டு, வாய் வறட்சி பற்றிச் சொல்லி ரத்தப் பரிசோதனை. கண் டாக்டரிடம் செட்ரிசின் சீட்டையும் சொட்டுப் புட்டியையும் கொண்டுபோய்க் காட்டப் போகிறேன். புட்டியில் நீங்கள் சொன்ன அந்தப் பெயர்தான் இருக்கிறது தம்பி. இமைச் சுரப்பியைப் பார்க்கச் சொல்லி, அழற்சி இருந்தால் முதலில் அதற்கு மருந்து, பிறகு கரைகிற பிளக், அதில் தண்ணீர் வழியாவிட்டால் தலை வெளியே தெரிகிற சிலிக்கான், எந்த வகை என்று எழுத்தில். உப்பளம் அண்ணா சொன்னது மனசில் நிற்கிறது.

கடைசியாக ஒரு சந்தேகம். வைத்த பிறகு எப்போது பயந்து ஓட வேண்டும்? மறுநாளே வேலைக்குப் போகலாமா? மை போடலாமா?


கண்ணாடிக்கடை எழுதியது:

மறுநாளே போகலாம், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போகிறார்கள். லேசான உறுத்தல் சில நாள் இருக்கும். அது போகாமல் கூடிக்கொண்டே வந்தாலோ, பக்கவாட்டில் பார்க்கும்போது குத்தினாலோ, தலை உரசுகிறது என்று அர்த்தம், போய்க் காட்டுங்கள், அளவை மாற்றுவார்கள். துளை இருக்கும் இடத்தில் சிவப்பாகச் சதை வளர்ந்தால் அதையும் காட்ட வேண்டும், பிளக் உரசுவதால் வருவது, எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு கண் மட்டும் சிவந்து பீளை கட்டுவது, மூக்கோரம் வீங்கி வலிப்பது, அழுத்தினால் சீழ் வருவது, இந்த மூன்றில் எது இருந்தாலும் அன்றைக்கே போங்கள், உள்ளே பிளக் இருக்கிறது என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். பார்வை திடீரென்று மங்கி வலித்தாலும் அப்படியே.

மை வேண்டாம் அக்கா, குறைந்தது இமையின் உள்விளிம்பில் போடாதீர்கள். துளையும் எண்ணெய்ச் சுரப்பியும் அங்கேதான் இருக்கின்றன. முகம் துடைக்கும்போது கண்ணின் மூக்கோரத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கம்பெனியில் ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்காத இடமாகக் கேட்டுப் பாருங்கள், பக்கவாட்டை மூடுகிற மாதிரி கண்ணாடி போட்டுக்கொண்டால் பஞ்சும் காற்றும் இரண்டும் குறையும். ஒவ்வொரு பீஸ் மடித்து வைக்கும்போதும் ஒரு தடவை இமையை முழுசாக மூடித் திறங்கள், உற்றுப் பார்க்கிற வேலையில் நாம் இமைப்பதே பாதியாகக் குறைந்துவிடும்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள்.